கரிசலில் முடங்கும் மணிச்சத்தை மீட்டுத் தரும் 'வேம்'

வானம் வறண்டிருப்பது சிவகாசியின் பட்டாசுத் தொழிலுக்கு வசதி. விவசாயத்துக்கு அதுவே சோதனை. சாத்தூர், வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை பக்கம் பல குடும்பங்களில் ஒருவர் பட்டாசு ஆலைக்கும் மற்றவர் காட்டுக்கும் போகிறார்கள். ஆலைக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கும் டி.ஏ.பி. முழுவதும் பயிருக்குச் சேர்கிறதா?

50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து உள்ளது. கரிசல் மண்ணில் சுண்ணாம்பும் களர்த்தன்மையும் அதிகம் என்பதால், போட்ட மணிச்சத்தில் பெரும்பகுதி சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடுகிறது. போட்ட ஆண்டில் பயிர் எடுப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மணிச்சத்து மண்ணில் நகராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேர்த்தூவி எட்டுவதோ ஓரிரு மில்லிமீட்டர் தூரம்.

இங்கேதான் 'வேம்' எனும் வேர் உட்பூசணம் உதவுகிறது. இது வேருக்குள் குடியேறி, வெளியே பல சென்டிமீட்டர் தூரத்துக்கு நூலிழைகளைப் பரப்புகிறது. அந்த இழைகள் மணிச்சத்து, துத்தநாகம், ஓரளவு ஈரம் ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. கூலியாகப் பயிரிடம் சர்க்கரையைப் பெறுகின்றன. மழை இடைவெளி விழும்போது பயிர் சற்றுத் தாக்குப்பிடிக்கவும் இது துணை செய்யும்.

இடும் முறை

பூசணம் வேரைத் தொட்டால்தான் பலன். மேலே தூவினால் வீண்.

* மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றங்கால்: சதுர மீட்டருக்கு 100 கிராம். 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இட்டு, அதன் மேல் விதைக்கவும். ஒரு ஏக்கர் மிளகாய்க்கான ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு 4 கிலோ போதும்.
* பாலித்தீன் பை நாற்று: பைக்கு 5 முதல் 10 கிராம்.
* வளர்ந்த மரம்: மரத்துக்கு 200 கிராம், உரமிடும்போது வேர்ப்பகுதியில்.
* மானாவாரி மக்காச்சோளம், பருத்தி, பயறு: பாக்கெட்டில் குறித்த அளவை மக்கிய தொழு உரத்தில் கலந்து, விதைக்கும் சாலிலேயே விதைக்கு அடியில் விழும்படி இடவும்.

வாங்கும்போது தயாரிப்பு நாள், காலாவதி நாள் பார்க்கவும். வெயில் படாமல் நிழலில் வைக்கவும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*வேம் போட்டால் டி.ஏ.பி. வேண்டாமா?*
வேம் சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் இருப்பதைக் கொண்டுவருகிறது. மண் பரிசோதனைப்படி உரத்தைக் குறைக்கலாம். மணிச்சத்தை அளவுக்கு மேல் போட்டால் பூசணம் வேரில் சேராது.

*பாஸ்போபாக்டீரியாவும் இதுவும் ஒன்றா?*
இல்லை. அது கரைத்துக் கொடுக்கும். இது சுமந்து வரும். இரண்டையும் சேர்த்து இடலாம்.

*எல்லாப் பயிருக்கும் ஆகுமா?*
கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி, பீட்ரூட்டுக்குப் பயன் இல்லை.

*மருந்து தெளிக்கலாமா?*
பூஞ்சாணக்கொல்லியை வேமுடன் கலக்கக் கூடாது. நாற்றங்கால் மண்ணில் ஊற்றுவதையும் கூடியவரை தவிர்க்கவும். நாற்றழுகல் கண்டால் வேளாண் அலுவலரைக் கேட்டுச் செய்யவும்.

முதல் முறை இடுபவர்கள் நாற்றங்காலில் இரண்டு பாத்திகளை வேம் இல்லாமல் விட்டு, நடவின்போது வேர்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பலன் தெரிந்த பிறகு காடு முழுவதற்கும் செலவு செய்யலாம்.