இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிக்கும் கருவிகள்

உலகில் 43 கோடிக்கும் அதிகமானோருக்குச் செவிப்புலன் மறுவாழ்வுச் சேவைகள் தேவைப்படுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2021 ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. 2050 இல் இத்தொகை 70 கோடியைத் தொடும் என்பது அதன் மதிப்பீடாகும். ஆயினும் கேட்டற் கருவியைப் பெற்றுக்கொண்ட நம் முதியவர்களிற் சிலர் அதனை அலுமாரியில் வைத்துவிடுவதையும் நாம் காண்கின்றோம். "சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்பதே அவர்களது முறைப்பாடு.

இம்முறைப்பாட்டில் நியாயம் உண்டு. உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் பழுதடையும்போது, கேட்கும் அளவு மட்டுமன்றி ஒலிகளைப் பிரித்தறியும் ஆற்றலும் குன்றிவிடுகின்றது. சாதாரண கருவியோ பேச்சையும் மின்விசிறியின் இரைச்சலையும் ஒருங்கே பெருப்பித்துக் கொடுக்கின்றது. கல்யாண வீட்டில் அதனை அணிந்திருப்பது வேதனையே. பலர் பேசும் இடத்தில் ஒரு குரலை மட்டும் மனிதர் எவ்வாறு தெரிந்து கேட்கின்றனர் என்ற வினாவை 1953 இல் கொலின் செரி ஆராய்ந்தார். அத்திறனைக் கருவிக்கு ஊட்டப் பொறியியலாளர்கள் பல தசாப்தங்கள் திணறினர்.

செயற்கை நுண்ணறிவே இதற்கு வழி திறந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிலியாங் வாங் (அவரது தாயாரும் செவிப்புலன் குன்றியவர்) தமது குழுவினருடன், தெளிவான பேச்சில் இரைச்சலைக் கலந்து கணினிக்குப் பயிற்சியளித்தார். கலந்தவர்கள் அவர்களே என்பதால் எது பேச்சு, எது இரைச்சல் என்ற விடை முன்கூட்டியே கைவசம் இருந்தது. ஒலியை நேரத்தாலும் அதிர்வெண்ணாலும் சிறு கூறுகளாக்கி, பேச்சு மேலோங்கிய கூறுகளை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அடக்குவதே இம்முறை. பலர் பேசும் இரைச்சலில் 29 வீதமான சொற்களையே விளங்கிக்கொண்ட செவிப்புலன் குன்றியோர், இதன்பின் 84 வீதத்தை விளங்கிக்கொண்டனர்.

ஆய்வுகூடக் கணினி வேறு, காதின் பின்னால் பொருந்தும் கருவி வேறு. அதன் மின்கலம் மிகச் சிறியது. ஒலி செக்கனில் நூறிலொரு பங்குக்கு மேல் தாமதித்தால் தன் குரலே அணிந்தவருக்கு இடையூறாகிவிடும். 2024 இல் ஃபோனாக் நிறுவனம் இப்பணிக்கெனவே தனிச் சில்லு பொருத்திய கருவியை வெளியிட்டது.

இவற்றின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாதது. அரச வைத்தியசாலைகள் ஊடாக மானிய விலையில் வழங்குவது பற்றி இப்போதே சிந்திக்கப்படல் வேண்டும். தமிழ்ப் பேச்சில், அதுவும் நம் சந்தை இரைச்சலின் நடுவே, இவை எவ்வளவு உதவுகின்றன என்பதையும் நமது பல்கலைக்கழகங்கள் பரிசோதித்துக் கூற வேண்டும். கொள்வனவு அதன் பின்னரே நடைபெறுவது நன்று.