பேரன் சுமக்கும் பெயர்

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரத்துக்குப் போகும் பாதையில், கரிசல் நிலத்துக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே இருக்கிற பந்தல்குடியில், என் பால்ய காலத்து மாலை வேளைகளில், கம்மாய்க்கரைக்கு விளையாடப் போன பிள்ளைகளைத் தாய்மார் வீட்டுக்கு அழைக்கும் குரல்களைச் செவிமடுத்திருந்தவர்களுக்கு ஒரு விசேஷம் புலப்பட்டிருக்கும். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் பெரியகருப்பன் என்று எழுதப்பட்டிருந்த பையனை, அவனைப் பெற்றவள் ஒருநாளும் அந்தப் பெயரால் அழைக்கமாட்டாள். “ஏய்யா, இருட்டப் போகுது, வாய்யா” என்பாள், “ராசா” என்பாள், கோபம் மிகுந்தால் “ஏலே” என்பாள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்கும் அப்பத்தாளும் அந்தப் பெயரை உச்சரிக்கமாட்டாள். காரணம், பெரியகருப்பன் என்பது பையனுடைய பாட்டனார் பெயர். ஒருத்திக்கு அது மாமனார் பெயர், மற்றவளுக்குப் புருஷன் பெயர். அந்த வீட்டில் அவன்மீது உயிரையே வைத்திருந்த இரண்டு ஸ்திரீகளின் நாவிலும் வராத பெயரையே அவனுக்குச் சூட்டியிருந்தார்கள்.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் மருவிய வடிவம் என்பதையும், பேத்தி என்பது பெயர்த்தி என்பதையும் நாம் அன்றாடம் நினைப்பதில்லை. மகனுக்கோ மகளுக்கோ மகன் என்ற உறவைக் குறிக்க வந்த சொல்லிலே இரத்தமும் இல்லை, வம்சமும் இல்லை. பெயரைச் சுமப்பவன் என்ற ஒரே கருத்துத்தான் இருக்கிறது. தலைப்பிள்ளை ஆணாயின் தகப்பனைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர் என்று இந்தச் சீமையில் பெரும்பாலான குடும்பங்களில் முறை வைத்திருந்தார்கள். பாட்டனார் காலமான பிறகும் பந்தியிலும் பஞ்சாயத்திலும் அந்தப் பெயரை யாராவது கூப்பிட, யாராவது “என்ன” என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் தாத்பரியம் என்று நான் கருதுகிறேன்.

பெயரைச் சொல்லக்கூடாது என்ற இந்தக் கட்டுப்பாட்டைச் சில்லறை விஷயமாக எண்ணிவிடலாகாது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வடநாட்டு மாகாணங்கள் பலவற்றில், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டுமே சொல்லித் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த பெண்கள் சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி நேர்ந்தது. நம் பக்கத்துப் பெண்களுக்குத் தம் பெயரைச் சொல்வதில் அத்தனை தயக்கம் இருந்ததில்லை. புருஷன் பெயரைத்தான் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுவதற்குக் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து, “அவுக பேரை நீ சொல்லு மதினி” என்று ஒதுங்கிக்கொள்வார்கள். ஆளில்லாவிட்டால், திருவண்ணாமலைச் சாமி பேர் என்று சொல்லி அருணாசலத்தை உணர்த்துவார்கள்.

ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர்கள் அவசியமாயின: ஒன்று முன்னோருக்கும் தெய்வத்துக்கும் உரியது, மற்றொன்று கூப்பிடுவதற்கு உரியது. அபூர்வமாகச் சில சமயம் கூப்பிடும் பெயரே உலகம் அறிந்த பெயராகிவிடுவதுண்டு. விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி பிறந்த ஓர் ஆண் குழந்தைக்குக் குலதெய்வமான காமாட்சியின் பெயரையே வைத்தார்கள். தாய் சிவகாமி அம்மாள் அவனை “ராஜா” என்று கொஞ்சி அழைத்தாள். தேவியின் பெயரும் தாயின் கொஞ்சலும் ஒன்றாய்க் கலந்து காமராஜ் ஆயிற்று. ஒரு மாகாணத்தையே ஆண்ட மனிதரின் பெயரில் பின்பாதி ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்ட குரல் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனிகிறது. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பிரமணியனும் வீட்டில் சுப்பையாதான். பாரதி என்பது ஜமீன் சபையில் கிடைத்த பட்டம்.

தெய்வத்தின் பெயரை வைப்பது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் எந்தத் தெய்வம் என்பதில்தான் பூமியின் குணம் தெரிகிறது. பந்தல்குடிக் கடைத்தெருவில் நின்று நாலு பேரை விசாரித்தால் நாலு திசைக்கும் வழி சொல்லிவிடலாம். சொக்கலிங்கமும் மீனாட்சியும் அழகர்சாமியும் வடக்கே மதுரையிலிருந்து வந்தவர்கள். சேதுவும் இராமலிங்கமும் கிழக்கே இராமேசுவரத்துக்கு உரியவர்கள். செந்திலும் நெல்லையப்பனும் சுடலைமுத்துவும் தெற்கத்தியார். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்தவர்கள். பூமிநாதன் என்ற பெயரைக் கேட்டால், திருச்சுழிக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் சுவாமியை நினைத்து வைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஜக்கம்மாள் என்றால் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சௌடாம்பிகை என்றால் அருப்புக்கோட்டையில் தறி நெய்யும், கன்னடம் பேசும் தேவாங்கர் குடும்பம். சையது இபுராகிம் என்ற பெயர் ஏர்வாடித் தர்காவை நினைவூட்டுகிறது. 1985இல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை இவ்வூர் பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. கச்சேரிக் காகிதத்தில் எல்லை மாறிற்று. முத்துராமலிங்கம் என்ற பெயர் மாறவில்லை.

இவை பெருங்கோயில்களின் பெயர்கள். ஊருக்கு வெளியே, கம்மாய்க்கரையிலும் பனங்காட்டு ஓரத்திலும், அரிவாளோடும் மண்குதிரையோடும் காவல் நிற்கும் தெய்வங்களின் பெயர்களே எண்ணிக்கையில் மிகுதி: கருப்பசாமி, அய்யனார், முனியாண்டி, இருளப்பன், இருளாயி, சோணைமுத்து, ராக்காயி, பேச்சியம்மாள். ஒரே வீட்டில் பெரியகருப்பன், சின்னக்கருப்பன், முத்துக்கருப்பன் என்று மூன்று சகோதரர்கள் இருப்பார்கள். வெளியூரார் இதைக் கற்பனை வறட்சி என்று நினைக்கக்கூடும். குலதெய்வத்தின் கண் மூன்று பிள்ளைகள்மீதும் சமமாக விழவேண்டும் என்று நினைத்த தகப்பனின் கவலையை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

எல்லாப் பெயர்களிலும் இந்த மண்ணின் உள்ளத்தை எனக்கு அதிகமாக உணர்த்துவது மாரி என்ற பெயர்தான். மாரியப்பன், மாரியம்மாள், மாரிமுத்து, முத்துமாரி, வெறும் மாரி என்று எத்தனை வடிவங்கள்! ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் வருஷம் முழுவதும் இல்லை என்கிற வானம் பார்த்த பூமியில், மழை என்று பொருள்படும் சொல்லை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குச் சூட்டி, விடிந்தது முதல் இருட்டும்வரை வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் நம் முன்னோர்கள். சாத்தூருக்கு அருகே இருக்கன்குடியில் ஆற்றுக்கு நடுவே கோயில் கொண்டிருக்கும் மாரியம்மனிடம் பிள்ளை வரம் கேட்பதும், பிறந்த குழந்தைக்கு அவள் பெயரையே வைப்பதும் இன்றும் நடந்துவருகின்றன. முத்து என்ற சொல்லுக்கும் இங்கே இரண்டு முகங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்து ஒன்று. வைசூரி கண்ட உடம்பில் மாரியம்மன் வாரியிறைத்த முத்து மற்றொன்று. நோயின் பெயரைச் சொல்ல அஞ்சி “முத்துப் போட்டிருக்கு” என்று பணிவோடு சொன்ன ஜனங்கள், தப்பிப் பிழைத்த பிள்ளைகளையும், இனிப் பிழைக்கவேண்டிய பிள்ளைகளையும் முத்துமாரி என்று அவளிடமே ஒப்படைத்தார்கள். இந்தியாவில் 1975இல் வைசூரி மறைந்தது. 1980இல் உலகிலேயே அது இல்லையென்று பிரகடனம் செய்தார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் வெகு தூரத்திலுள்ள ஒரு தேசத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. பால்டிக் கடலோரத்தில், பனியும் காடும் சூழ்ந்த லித்துவேனியாவில் பெண்களுக்குச் சௌலே என்று பெயரிடுகிறார்கள். அது சூரியனைக் குறிப்பது. அவர்களுடைய பழைய சமயத்தில் சூரியன் ஒரு தேவி. வருஷத்தில் பாதி நாள் வெளிச்சத்துக்கு ஏங்குகிறவர்கள் மகளைச் சூரியனே என்று கூப்பிடுகிறார்கள். வெயிலுக்குக் குறைவே இல்லாத நாம் மாரி என்று கூப்பிடுகிறோம். அவர்களுடைய பாஷை ஸம்ஸ்கிருதத்துக்கு உறவானது என்பதால் சில பெயர்கள் நம் காதுக்கு அந்நியமாகவும் இல்லை. ரசா என்பது பனித்துளி; நம்முடைய ரசம் என்ற சொல்லுக்கு அது சகோதரி. உக்னே என்ற பெயரில் அக்கினி இருக்கிறது. எக்லே என்பது ஊசியிலை மரம், ரூதா என்பது அருவதா போன்ற ஒரு செடி, கிந்தாரஸ் என்பது கடல் கரையில் ஒதுக்கும் அம்பர் மணி.

1387இல் அந்த நாடு கிறிஸ்தவத்தைத் தழுவியபோது யோனஸ், பெத்ரஸ், பொவிலஸ் என்ற அர்ச்சிஷ்டர்களின் பெயர்கள் வந்து சேர்ந்தன. அதே அர்ச்சிஷ்டர்கள் நம் சீமைக்கும் வந்தார்கள். வந்த விதத்தில்தான் எவ்வளவு வித்தியாசம்! அங்கே ஒலியை வைத்துக்கொண்டு கடைசியில் தம் பாஷையின் விகுதியைச் சேர்த்தார்கள். இங்கேயோ, கர்த்தர் கிருபையுள்ளவர் என்று எபிரேயத்தில் பொருள்படும் யோவானை அருளப்பன் என்றும், லத்தீனில் சிறியவன் என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பன் என்றும் பொருளைப் பெயர்த்துக்கொண்டார்கள். 1693இல் ஓரியூரில் உயிர்விட்ட போர்ச்சுக்கீசியப் பாதிரியாரான ஜான் டி பிரிட்டோ நமக்கு அருளானந்தர். நம் கிராமங்களில் இருந்த அருளப்பனுக்கும் சின்னப்பனுக்கும் தங்கள் பெயர் கடல் கடந்து வந்தது என்ற எண்ணமே எழுந்ததில்லை. மொழிபெயர்ப்பில் இதைவிட நேர்த்தியான காரியத்தை நான் அறியேன்.

அடுத்து, சொல்லவே நெஞ்சு கூசும் ஒரு வகைப் பெயர்கள் இருக்கின்றன. குப்பன், குப்பம்மாள், பிச்சை, மூக்கன், மூக்காயி முதலிய பெயர்களைப் பட்டணத்தார் பரிகாசம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக மடிந்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, இது யாருக்கும் வேண்டாத பண்டம் என்று எமனுக்குக் காட்டினார்கள். தவிட்டுக்கு விற்றுத் தவிட்டுக்கே திரும்ப வாங்கினார்கள். மூக்குக் குத்தி அடையாளம் மாற்றினார்கள். பாசத்தை மறைப்பதற்காக இட்ட பெயர்கள் இவை. மருத்துவச்சியைத் தவிர வேறு வைத்தியம் அறியாத ஊரில் பெற்றவர்கள் கையில் இருந்த மருந்து பெயர் ஒன்றுதான். போதும்பொண்ணு என்ற பெயரை மட்டும் என்னால் அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. வரிசையாகப் பெண்களே பிறந்த வீட்டில், பிறந்த குற்றத்துக்காக ஒரு குழந்தையின் தலையில் ஆயுள் முழுவதற்கும் ஏற்றிய பாரம் அது.

வேறொரு பாரமும் உண்டு. கருப்பன், கருப்பையா, கருப்பசாமி என்ற மூன்றும் ஒரே தெய்வத்தின் பெயர்களேயாயினும், யார் எந்த விகுதியை வைத்துக்கொள்ளலாம் என்பதில் ஜாதி குறுக்கே நின்றது. சேரியில் பிறந்தவன் தன் மகனுக்குக் கருப்பசாமி என்று ஆசையோடு பெயரிட்டாலும், மேல்தெருவார் வாயில் அது “அடே கருப்பா” என்றே சுருங்கிற்று. தெய்வத்துக்குக் கொடுத்த ‘சாமி’யை மனிதனுக்குக் கொடுக்க மறுத்த அந்தப் பழக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமும் கோபமும் உண்டாகின்றன. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை உதறும்படி தீர்மானித்ததன் பிறகுதான், பெயருக்குப் பின்னால் நின்ற ஜாதி சிறிது சிறிதாகக் கழன்று, முன்னால் தகப்பனாரின் முதலெழுத்து மட்டும் மிஞ்சியது. விகுதியின் பாரம் லித்துவேனியாவிலும் உண்டு: அங்கே பெண்ணின் குடும்பப் பெயர் விகுதியே அவள் கன்னியா, மணமானவளா என்று காட்டிக்கொடுக்கும். எதையும் காட்டாத விகுதியை அவர்கள் சட்டப்படி அனுமதித்தது 2003இல்தான்.

வேதாசலம் 1916இல் மறைமலையடிகளானதும், நாராயணசாமி நெடுஞ்செழியனானதும், இராமையா அன்பழகனானதும் தமிழுணர்ச்சியின் விளைவுகள். நூற்றாண்டுகளாக யோனஸ்களாக இருந்த லித்துவேனியர்கள் தேச எழுச்சிக் காலத்தில் விதௌதஸ், கேஸ்துதிஸ், பிருதே என்ற பழைய பிரபுக்களின் பெயர்களைத் தோண்டியெடுத்ததற்கு ஒப்பானவை. எங்கள் சீமை அந்த வழியில் அவ்வளவாகப் போகவில்லை. இங்கே சுபாஷ் சந்திர போஸின் பெயர் வந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் செல்வாக்கினால், வங்காளத்துக் குடும்பப் பெயர் ஒன்று இராமநாதபுரத்துக் கிராமங்களில் குழந்தையின் முழுப் பெயராகவே ஆகிவிட்டது.

பெயர்களைப் பற்றி இவ்வளவு அக்கறை கொண்ட இந்தப் பூமியில்தான் பெயரை விட்டுவிட்டுப் போன ஒருவரும் பிறந்தார். பந்தல்குடிக்கு அருகிலுள்ள திருச்சுழியில், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் பிறந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்டு மாதத்தில் மதுரையில் வீட்டைத் துறந்தபோது ஒரு துண்டுக் கடிதம் எழுதிவைத்தார். ‘நான்’ என்று தொடங்கிய அவ்வெழுத்து, சில வரிகளுக்குள் தன்னையே ‘இது’ என்று குறிப்பதாக மாறி, கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு கோட்டோடு முடிந்தது. திருவண்ணாமலையில் அவரைப் பிராமண சுவாமி என்றார்கள். அது பெயரன்று, அடையாளம் மட்டுமே. 1907இல் காவியகண்ட கணபதி முனிவர், அவருடைய பூர்வாசிரமப் பெயரைத் தெரிந்துகொண்டு, அதன் கடைசிப் பகுதியை எடுத்து ரமணர் என்று அழைத்தார். அவர் கீழே வைத்துவிட்டுப் போனதிலிருந்து ஒரு துண்டு மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்தது. கோயிலுக்கு அருகே அவர் பிறந்த வீட்டைத் தரிசிக்க இன்று எத்தனையோ தேசத்தார் திருச்சுழிக்கு வருகிறார்கள். அந்த வீடு அவருடைய பெயரால் வழங்கவில்லை. தகப்பனாரின் பெயரை நினைவூட்டும் வண்ணம் சுந்தர மந்திரம் என்றே வழங்குகிறது.