கரையேறிய படகுக்குள் குடித்தனம்... கடல் விலகினால்தான் தெரியும் அதன் அருமை!

ராத்திரி 2 மணிக்குக் குழந்தை எழுந்து, "அம்மா, பாத்ரூம் வருது" என்கிறது. வீட்டுக்குள்ளேயே டாய்லெட் இருக்கிறது. ஆனால், பயன்படுத்த முடியாது. டார்ச்சைத் தேடி எடுத்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு பத்துப் பன்னிரண்டு அடி ஏணியில் இறங்கி, பெயின்ட் டப்பாக்களும் வயர்களும் கிடக்கிற யார்டைக் கடந்து பொதுக் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். இல்லையா... இருக்கவே இருக்கிறது, மூடி போட்ட வாளி!

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு நாடு நாடாகச் சுற்றும் குடும்பங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. நீலக்கடல், டால்பின், சூரிய அஸ்தமனம் என்று அவர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து, "ஆஹா, வாழ்ந்தா இப்படி வாழணும்" என்று நாமும் பெருமூச்சு விட்டிருப்போம். அந்த வீடியோக்களில் அதிகம் வராத ஒரு காலம் உண்டு. ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, தாங்குகால்கள் மேல் நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்க்கும் நாள்கள். 'ஆன் தி ஹார்டு' என்பது படகுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர். கெட்டியான தரையில் இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். கஷ்டம் என்றும் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை!

இந்த வாழ்க்கையைப் பார்க்க நல்ல இடம், கரீபியக் கடலின் தென்கோடியில் இருக்கும் டிரினிடாட் தீவு. அங்குள்ள சாகுவாராமஸ் என்ற ஊரில் படகு யார்டுகள் வரிசையாக இருக்கின்றன. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீஸன். அந்த மாதங்களில் படகு தெற்கே ஒதுங்கியிருக்க வேண்டும் என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. ஏறக்குறைய நம் திருச்சி இருக்கும் அட்சரேகையில் இருக்கும் டிரினிடாட்டுக்குப் பெரும் புயல்கள் வருவது அபூர்வம். 'எப்படியும் ஒதுங்கத்தானே போறோம், வேலையையும் முடிச்சிடுவோம்' என்று படகுகள் அங்கே கரையேறுகின்றன. ஆனால், அதே மாதங்களில்தான் டிரினிடாட்டில் மழை, புழுக்கம், கொசு மூன்றும் சேர்ந்து வரும்.

முதல் நாள் பார்க்க வேடிக்கையாக இருக்கும். சக்கரம் வைத்த பிரமாண்டமான 'டிராவல் லிஃப்ட்' வந்து, இரண்டு பெரிய பெல்ட்டுகளைப் படகின் வயிற்றுக்கடியில் கொடுத்து, குழந்தையைத் தூளியில் தூக்குவதுபோலத் தண்ணீரிலிருந்து தூக்கும். பாசியும் கல்லாக ஒட்டிய கொட்டலசும் சொட்டச் சொட்ட வரும் அடிப்பாகத்தை உடனே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். காய்ந்துவிட்டால் சுரண்டி மாளாது. பிறகு, மொத்த எடையும் அடிக்கட்டையில் இறங்கும்படி மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்குகால்களால் முட்டுக் கொடுப்பார்கள். அவ்வளவுதான், ஏணியைச் சாத்தினால் வீடு ரெடி!

அன்று சாயங்காலமே சிக்கல் ஆரம்பித்துவிடும். மிதக்கும்வரை கடல் செய்துகொடுத்த வேலைகளை இனி யார் செய்வது? சிங்க்கில் கழுவும் தண்ணீர் படகின் உடம்பில் இருக்கும் ஓட்டை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது திறந்துவிட்டால் கீழே பெயின்ட் அடிப்பவர் தலையில்தான் விழும். சிங்க்குக்குள் ஒரு பேசினை வைத்துப் பாத்திரம் கழுவி, அழுக்குத் தண்ணீரை ஏணி வழியாகச் சுமக்க வேண்டும். டாய்லெட்டுக்குத் தண்ணீர் கடலிலிருந்து வந்தது, அதுவும் நின்றுபோச்சு. பல படகுகளில் ஃபிரிட்ஜும் ஏசியும் கடல்நீரால் குளிர்விக்கப்படுபவை. ஃபிரிட்ஜும் போய், ஏசியும் போய், கடைசியில் ஒரு ஜன்னல் ஏசியை மேல்தளத் திறப்பில் வைத்துக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு.

காற்றுகூடக் கிடைக்காது. நங்கூரமிட்ட படகு எப்போதும் காற்றைப் பார்த்துத் தானாகவே திரும்பிக்கொள்ளும். அதனால் முன்பக்கத் திறப்பைத் திறந்தாலே உள்ளே ஜிலுஜிலுவென்று வீசும். யார்டில், நிறுத்திய திசையிலேயே நிற்கும். பக்கத்துப் படகு வேறு மறைத்துக்கொண்டிருக்கும். ஆட்டமே இல்லாததால் சில பிள்ளைகளுக்குத் தூக்கமும் வராது. கடலில் அதுவே தாலாட்டு!

அதிகாலையில் எறும்பு ஊர்வலம் வரும். தாங்குகால், மின்சார வயர், ஏணி என்று தரையைத் தொடும் எல்லாமே அதற்குப் பாதைதான். நம் பாட்டிகள் உணவு அலமாரியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்ததைப்போல, இவர்கள் தாங்குகால்களைச் சுற்றி எறும்பு மருந்து போட்டு வைக்கிறார்கள்.

இதெல்லாம் அசௌகரியம். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கடலில் கால் வழுக்கினால் தண்ணீர். இங்கே, கான்கிரீட்! அதனால் ஏணியின் தலையைப் படகோடு கயிற்றால் கட்டுவதும், சின்னப் பிள்ளைகள் தனியாக ஏணியில் கால் வைக்கக் கூடாது என்பதும் முதல் விதிகள். தாங்குகாலை யார்டு ஊழியர் தவிர யாரும் நகர்த்தக் கூடாது. மழைக்கு விரிக்கும் தார்ப்பாயைத் தாங்குகாலில் கட்டவே கூடாது. காற்று தார்ப்பாயைத் தூக்கினால் காலும் நகரும், படகும் சாயும். 2004 செப்டம்பரில், புயல் பாதையில் இல்லை என்று நம்பப்பட்ட கிரெனடா தீவை இவான் புயல் தாக்கியபோது, யார்டுகளில் நின்ற படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அதனால்தான் புயல் சீஸனில் படகைத் தரையோடு பட்டை போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள்.

இன்னொரு ஆபத்து, தூசி. படகின் அடியில் அடிக்கும் பெயின்ட் அழகுக்காக அல்ல. பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க, பெரும்பாலும் தாமிரச் சேர்மங்கள் கலந்த விஷப் பூச்சு அது. முன்பு இதில் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்தார்கள். பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகள் ஓடு தடித்து உருக்குலைந்ததைப் பார்த்து, 1982-ல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை 2008-ல் அமலுக்கு வந்தது. இன்றைய பூச்சும் மூச்சில் போகக்கூடாததுதான். பழைய பூச்சை ஈரம் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். மாஸ்க் கட்டாயம். வேலை செய்த உடுப்போடு படகுக்குள் ஏறக் கூடாது, அதே மெத்தையில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அதனால் ஒருவர் வேலை பார்த்தால், இன்னொருவர் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்விடுவார். பாடப்புத்தகமும் கூடவே போகும். குழந்தைகளையே அனுமதிக்காத யார்டுகளும் உண்டு. அது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'இவ்வளவு பாடுபட்டு ஏன் கரையேத்தணும்?' என்று கேட்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்வுகளைக் கழற்றிப் பார்க்க வேறு நல்ல வழியில்லை. இரண்டடி ஆழத்தில் ஒன்றரை அங்குல ஓட்டை விழுந்தால், பத்து நிமிஷத்துக்குள் ஆயிரம் லிட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பித்தளை வால்வில் துத்தநாகம் கரைந்துபோனால், உலோகம் வெளிறிய பிங்க் நிறத்துக்கு மாறிப் பொறபொறவென்றாகிவிடும். தட்டினால் உடையும். அதே துத்தநாகத்தை வேண்டுமென்றே பலி கொடுக்கும் வேலையும் நடக்கும். கடல்நீரில் இரு வேறு உலோகங்கள் சேர்ந்தால் பேட்டரிபோல மின்னோட்டம் உண்டாகி, ஒன்று அரிக்கும். புரொப்பல்லர் அரிக்காமலிருக்க அதன் தண்டில் ஒரு துத்தநாகத் துண்டை மாட்டிவிட்டால், அது தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வேலையைத் தொட்டால் மூன்று வேலை வரும். 'பத்து நாள்ல இறங்கிடலாம்' என்று ஏறியவர்கள், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஒரு பேரிங்குக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். யார்டு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். 40 அடிக்குள் நாலு பேர், நடுவில் பிரித்துப்போட்ட இன்ஜின் பாகங்கள்... சண்டை வராமல் இருக்குமா? அனுபவசாலிகள் சொல்லும் வைத்தியம், பணம் போனாலும் பரவாயில்லை, நாலு நாள் ரூம் எடுத்துத் தங்கு என்பது. குறைந்தபட்சம் சமையலையாவது நிறுத்தலாம். டிரினிடாட்டில் அதற்குக் கவலையே இல்லை. காலையில் ரோட்டோரத்தில் 'டபுள்ஸ்' கிடைக்கும். மஞ்சள் சேர்த்த இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டிகள், மேலே கொண்டைக்கடலை மசாலா. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய பண்டம்.

இறக்கும் நாளில் மறுபடி லிஃப்ட் வரும். தாங்குகால் அழுத்தியிருந்த இடங்களில் மட்டும் பூச்சு இருக்காது. பெல்ட்டில் தொங்கும்போதே அவசர அவசரமாக அதையும் அடிப்பார்கள். படகு தண்ணீரைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்ற விடமாட்டார்கள். அப்பா டார்ச்சோடு உள்ளே ஓடி, தரைப்பலகையைத் தூக்கி, ஒவ்வொரு வால்வாகத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் இல்லை. இன்ஜினைப் போட்டால் பின்னால் கடல்நீர் கொப்பளித்து வெளியேறும். "ஓகே" என்று கை காட்டியதும் பெல்ட் தளரும், தரை மெல்ல ஆடும். பிள்ளைகளில் ஒருவர் அதற்குள் டாய்லெட் கதவைச் சாத்தியிருப்பார்.