தாவத் தெரியாதவர், சாப்பிட முடியாதவர்!

குழந்தைகளே! அளவுகோலை எடுத்துத் தரையில் 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இந்தச் சிறிய கோட்டுக்குள் இரண்டு இரவு விருந்தாளிகளை அடக்கிவிடலாம். யார் அவர்கள்?

ஒருவர் நம் திண்டுக்கல் மாவட்டத்துத் தேவாங்கு. குரங்குக்குத் தூரத்து உறவு. எடை ஏறக்குறைய கால் கிலோதான். வால் கிடையாது. 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று கேலி செய்வீர்களே! இருட்டில் இரை தேடத்தான் அந்தப் பெரிய கண்கள்.

இன்னொருவர் அட்லஸ் அந்துப்பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழ்கிறது. இறக்கையை விரித்தால் தேவாங்கின் உடல் நீளத்துக்குச் சமமாக இருக்கும். எடையோ சில கிராம்தான்! இறக்கை நுனி பாம்புத் தலை போலத் தெரிவதால் எதிரிகள் மிரளும்.

இருவருக்கும் ஒவ்வொரு குறை உண்டு. அந்துப்பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற இலைச் சத்தை வைத்தே ஓரிரு வாரம் வாழும். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு இறந்துவிடும்.

தேவாங்குக்கு நல்ல பசி உண்டு. எறும்பு, கறையான், வண்டு எல்லாம் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்பதால் அது விவசாயிகளின் நண்பன். ஆனால், அதற்குத் தாவத் தெரியாது! கிளையைப் பற்றிப் பற்றித்தான் நகரும். நடுவில் ஒரு மரத்தை வெட்டிவிட்டால் பாதையே அறுந்துபோகும். தரையில் இறங்கினால் நாயிடமோ வாகனத்திலோ சிக்கும். ஒரு பிரசவத்தில் ஒன்றிரண்டு குட்டிகள்தான் பிறக்கும். எனவே ஒரு தேவாங்கு இறந்தாலும் பெரிய இழப்புதான்.

மூடநம்பிக்கையால் இதைப் பிடித்துத் துன்புறுத்துபவர்களும் உண்டு. தேவாங்கைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். இதைக் காக்கவே தமிழக அரசு 2022 அக்டோபரில், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் இதுதான்!

அய்யலூர், வேடசந்தூர், நத்தம் பக்கத்துப் பிள்ளைகளே! உங்கள் தோட்டத்து உயிர்வேலியையும், கிளைகள் ஒன்றையொன்று தொடும் மரங்களையும் வெட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இறக்கை இல்லாத தேவாங்குக்கு அந்தக் கிளைகள்தானே பாலம்!