உரத்த வானொலியில் ஊர்ப்பெயர் கேட்கிறதா?

கண்டியில் எஃப்.எம். வானொலி கேட்கும்போது 'ச', 'ஸ' ஒலிகள் சில வேளை கரகரவென்று கிழிகின்றன. நிலையத்தைத் திட்டுவதற்கு முன் வானொலிப் பெட்டியை இரண்டு மூன்று முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். ஹந்தானை போன்ற மலைகளில் பட்டுத் தெறித்து வரும் அலை, நேராக வரும் அலையோடு குழம்புவதாலும் இதே கரகரப்பு வரும். எங்கே வைத்தாலும் அதே எழுத்துகளில் கிழிந்தால், நிலையத்தின் ஓடியோ புரொசஸரைச் சந்தேகிக்கலாம்.

மெல்லிய குரலை உயர்த்தி, உரத்ததை அடக்கி, எல்லை தாண்டும் உச்சங்களை வெட்டிய பிறகே ஒலியை ஒலிபரப்பிக்கு அனுப்பும் கருவி அது. எஃப்.எம். ஒலிபரப்பில் கூர்மையான ஒலிகளைக் கூட்டி அனுப்புவது வழக்கம் என்பதால், முதலில் வெட்டுப்படுவது 'ஸ'தான். 1975இல் ஓர்பனின் ஒப்டிமோட் 8000 இந்த வேலைகளை ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. யார் அதிகம் சத்தம் என்ற போட்டிக்கும் இத்தகைய பெட்டிகளே ஆயுதமாயின.

இரண்டு நிலையங்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள். உரத்தது எப்போதும் நல்லதுபோலத் தோன்றும். பாட்டை விட்டு, செய்தியைக் கேளுங்கள். வாசிப்பவர் நிறுத்தும் இடங்களில் மூச்சும் மின்விசிறி இரைச்சலும் பொங்கி வந்தால் அழுத்தம் மிகை.

அழுத்தமே கெட்டதல்ல. யுத்தகாலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சிற்றலைச் செய்தி கேட்டவர்களுக்குத் தெரியும்: இரைச்சலுக்கு மேலே குரல் நிற்கவேண்டும். 2025 நவம்பரில் டிட்வா புயலோடு மலையகத்தில் மண் சரிந்தபோதும் தேவைப்பட்டது அதுவே. செய்தியில் வரும் ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை பிழைத்தன?