ஈறு தரும் முன்னறிவிப்பு

நீரிழிவுக்காக எங்களிடம் வருவோரிடம் பாதங்களைக் காட்டச் சொல்கிறோம், தயங்காமல் காட்டுகிறார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும், "பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?" என்று கேட்கிறார்கள். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா என்று நாங்கள் கேட்டால், பலரும் "அது ரொம்ப நாளாக வருகிறது, வலியில்லை" என்கின்றனர். வலியில்லாமல் வளர்வதே ஈறு நோயின் இயல்பு. வலி தோன்றும் காலத்தில் பல்லைத் தாங்கும் எலும்பில் பெரும்பகுதி கரைந்திருக்கக்கூடும்.

நோய் வளரும் விதம்

நாம் உண்ட சில மணி நேரத்திலேயே பல்லின் மீது நுண்ணுயிரிகள் படலமாகப் படியத் தொடங்குகின்றன. அன்றாடம் அகற்றப்படாத படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்தை ஏற்று, சில நாட்களில் காரையாக இறுகத் தொடங்கும். ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். இந்நிலை ஈறழற்சி எனப்படும். முறையாகச் சுத்தம் செய்தால் முற்றிலும் குணமாகும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஈறு பல்லிலிருந்து விலகிப் பைபோன்ற பள்ளம் உண்டாகிறது. நலமான ஈற்றில் இதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமான பள்ளத்திற்குள் வீட்டுப் பிரஷ் எட்டாது. அங்கே எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாக மீள்வதில்லை.

தேயிலைத் தோட்டம் தந்த பாடம்

நோயைத் தன்போக்கில் விட்டால் என்ன நேரும் என்பதை உலக மருத்துவம் அறிந்துகொண்டது இலங்கை மலையகத்தில்தான். திருச்சி உள்ளிட்ட நம் மாவட்டங்களிலிருந்து பலர் அத்தோட்டங்களுக்குச் சென்றனர். தொழிலாளர் சேர்ப்புக்கான இலங்கைத் தோட்ட முதலாளிகளின் ஆணையம் 1904-இல் திருச்சியையே தலைமையிடமாகக் கொண்டது. ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970-இல் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய 480 ஆண்களைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுக்குப் பல் மருத்துவம் எட்டியதில்லை. ஏறத்தாழ எல்லோருடைய ஈறுகளிலும் அழற்சி இருந்தது. சொத்தைப் பல்லோ மிக அரிது.

முடிவுகள் 1986-இல் வெளியாயின. 100 பேரில் 11 பேருக்கு நோய் ஈறழற்சியைத் தாண்டவில்லை. 81 பேருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 8 பேருக்கு மிக விரைந்து வளர்ந்தது. அவர்கள் 35 வயதுக்குள் சராசரியாக 12 பற்களையும், 45 வயதுக்குள் அனைத்துப் பற்களையும் இழந்தனர். அதே காலத்தில் நார்வேயின் ஆஸ்லோ நகரில் முறையான பல் பராமரிப்புப் பெற்றவர்களைக் கவனித்தபோது, ஈற்றிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

ஒரே உணவு, ஒரே உழைப்பு, ஒரே அளவு படலம் இருந்தும் மூவகைப் போக்கு. நம்மில் யார் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைக் கண்ணாடி பார்த்து அறிய இயலாது. ஈற்றுப் பள்ளத்தை அளவுக்கோலால் அளக்கும் பல் மருத்துவராலேயே கூற முடியும். எனவேதான் வலி வரும்வரை காத்திராதீர்கள் என்கிறோம்.

சர்க்கரையும் ஈறும்

கட்டுப்படாத நீரிழிவு ஈறு நோயை விரைவுபடுத்துகிறது. ஈற்றிலுள்ள நீடித்த அழற்சி இன்சுலின் செயற்பாட்டைத் தடுத்துச் சர்க்கரையை உயர்த்துகிறது. ஈறு நோய்க்கு முறையான சிகிச்சை பெற்றவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சில மாதங்களில் சராசரியாக 0.3 முதல் 0.4 புள்ளி வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரைக்கு இது மாற்றன்று, மாத்திரைக்குத் துணை.

புகைப்பவர்களுக்கு இரத்தக் கசிவு குறைந்து காணப்படும். நோய் உள்ளே மறைந்து வளரும். பாக்கும் புகையிலையும் மெல்லுவது ஈற்றைச் சிதைப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது.

"சுத்தம் செய்தால் பல் ஆடுமே?"

மண்ணச்சநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருவோர் எழுப்பும் முதல் ஐயம் இது. காரை, ஆடும் பற்களைச் சிமெண்டைப்போல் பிடித்திருக்கும். அதை அகற்றியதும் முன்பே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளிப்படுகின்றன. பல்லை ஆட்டியது நோயே, சிகிச்சையன்று. அதிர்வுக் கருவியால் காரையை நீக்குவதும், மரத்துப்போகும் ஊசியிட்டு ஈற்றுக்குக் கீழுள்ள வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வதும் முதற்கட்டச் சிகிச்சை. ஆழம் குறையாத இடங்களுக்குச் சிறு அறுவை தேவைப்படலாம். பின்னர் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனை அவசியம். நோய் அடங்கும், கவனம் தளர்ந்தால் திரும்பும்.

பல் மருத்துவரிடம் செல்லுமுன் உங்கள் மருந்துச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிட்டாயின் ஆகியவை சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும்; அதை எங்களிடம் கூறினால் மாற்று வழி ஆராய்வோம். கருவுற்ற தாய்மாரும் சிகிச்சை பெறலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மென்மையான பிரஷும் ஃபுளூரைடு பற்பசையும் கொண்டு காலையிலும் உறங்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பிரஷைச் சற்றே சாய்த்து, ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் மெல்ல அசைக்க வேண்டும். பல்லிடுக்குகளுக்கு நூலோ சிறு இடைப்பிரஷோ தேவை. அரிசி ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் உமிக்கரியால் துலக்கும் பழக்கம் முதியோரிடம் இன்னும் உண்டு. அது பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து ஈற்றையும் புண்ணாக்கும், கைவிடுவதே நன்று.

படுக்கையிலுள்ள பெற்றோரைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவூட்டுவதைப்போலவே வாய்ச் சுத்தமும் உங்கள் பொறுப்பாகட்டும். தலையை உயர்த்தி அல்லது ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரமாக்கிய பிரஷால் நாள்தோறும் துடைத்தெடுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் இடுங்கள். வாயிலுள்ள கிருமி மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம்.

ஈற்றில் இரத்தம், நீங்காத வாய்நாற்றம், பல் நீண்டதுபோன்ற தோற்றம், புதிதாகத் தோன்றிய இடைவெளி, ஆடும் பல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே பல் மருத்துவரைக் காணுங்கள். ஈறு வீங்கிச் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டால் அன்றே வாருங்கள். அடுத்த முறை எங்களைக் காண வரும்போது பாதத்தோடு வாயையும் காட்டுங்கள். நாங்கள் கேட்க மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.