எழுந்து அமரும் புள்ளிகள்

பார்வையற்றோர் விரலால் படிக்கும் பிரெயில் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். விரல் உணர வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளியும் தாளின் மேல் சுமார் அரை மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும். அதைத் தாங்கத் தடித்த தாள் வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கவோ வரிகளை நெருக்கவோ வழியில்லை. நாம் பேருந்தில் ஒரு கையில் பிடித்துப் படிக்கும் நாவல், பிரெயிலில் பல தொகுதிகளாகி அலமாரியின் ஒரு தட்டையே நிறைத்துவிடும்.

அந்த அலமாரி முழுவதையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போக ஒரு கருவி வந்துவிட்டது. அதன் மேற்பரப்பில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் முனை மழுங்கிய நுண்ணிய ஊசிகள் நூற்றுக்கும் மேல். பொத்தானை அழுத்தினால் சில ஊசிகள் எழும், சில அமரும். ஒரு வரி பிரெயில் உருவாகும். விரலால் தடவிப் படித்துவிட்டு மறுபடி அழுத்தினால் அதே இடத்தில் அடுத்த வரி. இதற்குப் பெயர் ‘ரெஃப்ரெஷபிள் பிரெயில் டிஸ்ப்ளே’. பயன்படுத்துகிறவர்கள் ‘டிஸ்ப்ளே’ என்றே சொல்கிறார்கள். ஒரு முழுப் பிரெயில் பக்கம் 25 வரி, வரிக்கு 40 எழுத்திடம். ஆக 1,000 எழுத்திடம், ஏறத்தாழ ஒரு கிலோபைட். கட்டைவிரல் நகத்தளவு உள்ள 32 ஜிபி மெமரி கார்டில் இப்படி மூன்று கோடிப் பக்கங்கள் அடங்கும்.

கைப்பேசிதான் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழை வைத்தே பதில் சொல்லலாம். ‘ந’வும் ‘ன’வும் காதுக்கு ஒன்றுதான். ‘ர’வும் ‘ற’வும் இன்றைய பேச்சில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘அரம்’ என்றதா ‘அறம்’ என்றதா என்பதை இயந்திரக் குரலிடமிருந்து பிரித்தறிவது கடினம். கேட்டு மட்டுமே படித்து வளரும் குழந்தைக்கு எழுத்து எது என்பதே தெரியாமல் போகும். பிரெயிலில் ஓர் எழுத்திடத்தின் ஆறு புள்ளிகளுக்கும் எண் உண்டு: ‘ர’வுக்கு 1, 2, 3, 5 ஆகிய புள்ளிகள், ‘ற’வுக்கு 1, 2, 4, 5, 6. விரலுக்கு இரண்டும் முற்றிலும் வேறு.

மூளையும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1996-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், இளவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயிலை விரலால் படிக்கும்போது, பின்மண்டையில் பார்வைக்கென அமைந்த மூளைப் பகுதி வேலை செய்வதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். கண்ணிலிருந்து செய்தி வராததால் அந்தப் பகுதி சும்மா கிடக்கவில்லை. விரல் கொண்டுவரும் எழுத்தை எடுத்துக்கொண்டது. பிறவியிலேயே பார்வையற்ற, பிரெயிலில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பக்கவாதத்தால் அந்தப் பகுதி இருபுறமும் பழுதானபோது, தொடு உணர்வு இருந்தும் பிரெயில் படிக்கும் திறன் போய்விட்டது. இதுவும் 2000-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் பதிவானது. கேட்பதும் படிப்பதும் வேறு வேறு என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

அப்படியானால் ஏன் எல்லோர் கையிலும் டிஸ்ப்ளே இல்லை? விலை. அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஊசியின் அடிக்குப் போக வேண்டும்.

1880-இல் பிரான்சில் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். இதன் மறுதலையும் உண்மை: அந்தப் படிகத்தின் மேல் மின்னழுத்தம் கொடுத்தால் அது மிக மிகச் சிறிய அளவில் நீளும் அல்லது சுருங்கும். இதற்குப் பியெசோ விளைவு என்று பெயர். டிஸ்ப்ளேயில் இருப்பது இந்தக் குணமுள்ள செராமிக் பட்டை. இரண்டு மெல்லிய பட்டைகளை ஒட்டிச் செய்தது. சுமார் 200 வோல்ட் கொடுத்ததும் ஒரு பட்டை சுருங்கும், மற்றது நீளும். தணலில் காட்டிய அப்பளம் ஒரு பக்கம் சுருங்கி வளைவதைப் போல மொத்தப் பட்டையும் வளையும். அதன் நுனியில் அமர்ந்திருக்கும் ஊசி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மேலே வரும். கண் இமைக்கும் நேரத்தில் வரி முழுதும் மாறிவிடும். 200 வோல்ட் என்றதும் பயப்பட வேண்டாம். மின்னோட்டம் மிகச் சொற்பம். கைப்பேசியில் இருப்பது போன்ற பேட்டரியே போதும்.

சிக்கல் வளைவின் சிறுமையில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் வளைய பட்டை சில சென்டிமீட்டர் நீளம் இருந்தாக வேண்டும். ஓர் எழுத்திடத்துக்கு, கணினிக்கெனச் சேர்த்த இரண்டு புள்ளிகளோடு, எட்டுப் பட்டைகள், ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிக்கட்டு போல அடுக்கப்பட்டு, வரிக்குப் பின்புறம் நீண்டு படுத்திருக்கும். மேலே விரல் தொடும் பரப்பு குன்றிமணி அளவு. உள்ளே அதற்குப் பின்னால் அத்தனை நீளம். டிஸ்ப்ளேயில் ஒரே ஒரு வரி மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான்: இரண்டாவது வரியை வைக்க வேண்டிய இடத்தில் முதல் வரியின் பட்டைகள் படுத்திருக்கின்றன.

40 எழுத்திடம் உள்ள கருவியில் 320 பட்டைகள், 320 ஊசிகள், அத்தனைக்கும் தனித்தனி மின் இணைப்பு. எல்லாம் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும், லட்சக்கணக்கான முறை தவறாமல் எழ வேண்டும். ஓர் ஊசி மக்கர் செய்தால் எழுத்தே மாறிவிடும். ‘க’வுக்கு 1, 3 புள்ளிகள், ‘அ’வுக்கு 1 மட்டும். மூன்றாம் புள்ளி எழாத இடத்தில் ‘கடை’ என்பது ‘அடை’ ஆகும், ‘கணை’ என்பது ‘அணை’ ஆகும். ‘செல்’ எனப்படும் இவ்வளவு நுட்பமான இந்த எழுத்திடங்களைச் செய்யும் நிறுவனங்களும் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவே. ஜெர்மனியின் மெடெக், ஜப்பானின் கேஜிஎஸ் ஆகியவை முன்னோடிகள். வாங்குவோர் குறைவு, உற்பத்தி குறைவு. 40 செல் பியெசோ டிஸ்ப்ளே சுமார் 3,000 டாலர் விற்கிறது. நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல்.

இந்த விலையை உடைக்கப் பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் சேர்ந்து பணம் போட்டன.  அதன் விளைவாக 2016-இல் அறிவிக்கப்பட்டது ‘ஆர்பிட் ரீடர் 20’. இருபது செல், எடை அரைக் கிலோவுக்குள், அமெரிக்காவில் தொடக்க விலை 449 டாலர். இதில் பியெசோ பட்டை கிடையாது. ஊசியை உயர்த்தியதும் பூட்டிவிடும் வேறொரு பொறி. அதனால் விரல் அழுத்தினாலும் புள்ளி அமுங்காது, அச்சிட்ட பிரெயிலைப் போலத் திடமாக நிற்கும். ஆனால் வரி மாறும்போது இடமிருந்து வலமாக ஓர் அலை போல, கேட்கும்படி சத்தத்தோடு மாறும்; பியெசோவின் வேகம் இல்லை. அமைதியான நூலகத்திலும் வகுப்பிலும் இது பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

மும்பையின் இன்னோவிஷன் நிறுவனம் காந்த விசையால் ஊசிகளை நகர்த்தும் ‘பிரெயில்மீ’ கருவியைச் செய்தது. அதுவும் இருபது செல். ஐஐடி டெல்லியில் வேறொரு பாதையில் முயன்றார்கள். சூடேற்றினால் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கலவைகள் உண்டு. அவற்றின் நுண்கம்பியைக் கொண்டு ஊசியை இயக்கும் ஆய்வு அது. அங்கிருந்து 2019-இல் வெளிவந்த ‘டாட்புக்’ கருவியின் உருவாக்கத்தில் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸும் பங்கேற்றது. பிரிட்டனில் ஒன்பது வரி ‘கானூட்’ வந்திருக்கிறது. அமெரிக்காவில் படங்களையும் தொட்டுப் பார்க்கவைக்கும் பத்து வரி ‘மோனார்க்’ வந்திருக்கிறது. இவை எதிர்காலத்தின் முன்னோட்டம். மாணவர் ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கும் விலையில் மோனார்க் இன்று இல்லை.

வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எத்தனை செல் என்பதை. சந்தையில் 14, 20, 32, 40, 80 என்று கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலப் பிரெயிலில் சுருக்கெழுத்து வழக்கம். பல சொற்கள் ஓரிரு செல்லில் அடங்கும். தமிழில் பெரும்பாலும் எழுத்தெழுத்தாகவே எழுதுகிறோம். அதுவும் அகரம் அல்லாத உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு செல், உயிருக்கு ஒரு செல். ‘கொ’ என்பதில் அச்சில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கும். பிரெயிலில் முதலில் ‘க’, அடுத்து ‘ஒ’, ஒலிக்கும் வரிசையிலேயே. மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கும் புள்ளி மட்டும் மெய்க்கு முன்னால் வரும், தனிச் செல்லில்.

எண்ணிப் பாருங்கள். ‘திருநெல்வேலி’க்கு 12 செல். 14 செல் கருவியில் அந்த ஒரு சொல்லோடு வரி முடிந்தது. 20 செல்லில் ‘திருநெல்வேலி அல்வா’ இடைவெளியோடு 18 செல்லில் உட்கார்ந்துவிடும். ஆனால் ‘படித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 28 செல். இருபதில் உடைந்து இரண்டு வரியாகும். 40 செல் வசதியானது, ஐயமில்லை. ஆனால் நீளமும் எடையும் விலையும் கூடவே ஏறும். தமிழ் படிக்கிறவர் 14-ஐத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறவருக்கு 20 போதும். நாள் முழுதும் மேசையில் கணினியோடு வேலை செய்கிறவர் பணம் சேர்த்து 40-க்குப் போகலாம்.

அடுத்தது தமிழ் வருமா என்பது. கருவியை விற்பவர் ‘எல்லா மொழியும் வரும்’ என்பார். கணினியில் உள்ள எழுத்தைப் புள்ளிகளாக மாற்றுவது பெரும்பாலும் திரைவாசிப்பு மென்பொருளின் வேலை. 2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ இதற்கு லிப்லூயி என்ற திறந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அதில் தமிழுக்கான அட்டவணை இருக்கிறது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் டிஸ்ப்ளேயை ப்ளூடூத்தில் இணைக்கும் வசதி உள்ளேயே உண்டு. ஆனால் மெமரி கார்டிலிருந்து நேராகப் படிக்கும்போது கருவியே மொழிமாற்ற வேண்டும். சில கருவிகளுக்கு முன்பே பிரெயிலாக மாற்றிய கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். கடையிலேயே சோதித்துவிடுங்கள். ‘அம்மா’ என்று ஒரு கோப்பில் எழுதித் திறந்து பாருங்கள். ஐந்து செல் வர வேண்டும்: முதலில் 1; அடுத்து 4; பிறகு 1-3-4; மறுபடி 1-3-4; கடைசியில் 3-4-5. வேறு ஏதாவது வந்தால் அமைப்பில் தமிழ் இல்லை.

இணைப்புக்கு எச்ஐடி பிரெயில் என்ற பொதுத் தரம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஏற்கும் கருவியாக இருந்தால் தனி டிரைவர் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு செல்லுக்கு மேலும் ஒரு சிறு பொத்தான் இருந்தால், அதை அழுத்தி அந்த எழுத்துக்கே கர்சரைக் கொண்டுவரலாம். கட்டுரை எழுதித் திருத்துகிறவருக்கு இது பெரிய உதவி. ஆர்பிட் ரீடர் 20-இல் அது கிடையாது. படிக்க மட்டும் என்றால் குறையில்லை. பழுது பார்க்கும் இடம் நம் நாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கை கழுவிவிட்டுப் படியுங்கள். ஊசிகளுக்கு எதிரி எண்ணெயும் தூசியும். வாங்குமுன் ஒரு முறையாவது உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். புள்ளியின் திடம் ஒவ்வொரு கருவியிலும் வேறு. அதைத் தீர்மானிக்க வேண்டியது படிக்கப் போகிற விரல்.

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் பார்வையற்றோர் பிரிவு, இருபது செல் கருவிகளைத் தன் வாசகர்களுக்கு நூல் இரவல் தருவது போல இலவசமாக இரவல் தருகிறது. நம் மாவட்ட மைய நூலகங்களும் இதைச் செய்யலாம். செய்ய வேண்டும்.

கருவி வந்துவிட்டால் படிக்க நூல் வேண்டும். 2016-இல் தொடங்கிய ‘சுகம்யா புஸ்தகாலயா’ இணைய நூலகமும், 1998 முதல் தமிழ் நூல்களை உரை வடிவில் இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டமும் கை கொடுக்கின்றன. ஆனால் ஸ்கேன் செய்த பக்கங்களாலான பிடிஎஃப் ஒரு படம். அதன் முன்னால் அத்தனை ஊசிகளும் படுத்தே கிடக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக விரலுக்கு வரும். ஆசிரியர்களே, பதிப்பாளர்களே, அரசு அலுவலகத்தாரே: நீங்கள் வெளியிடும் பாடக் குறிப்பையும் நூலையும் அரசாணையையும் யூனிகோடு எழுத்தில், படமாக அல்லாமல் உரையாக ஒரு பிரதி கொடுங்கள்.